முடிச்சூரை அளந்த அண்ணி

1

சென்ற வாரம் நான் வேலை பார்க்கும் காப்பீட்டு நிறுவனத்தில் எனக்குப் பதினைந்து ஆண்டுகள் நிறைந்தன. மியூனிக்கில் இதற்கென்று ஒரு சடங்கு இருக்கிறது. ஒரு பூங்கொத்து, துறைத் தலைவரின் மூன்று நிமிடப் பேச்சு, பிறகு கேக். கேக்கை மட்டும் விழாவுக்கு உரியவரே வாங்கி வர வேண்டும். வந்த முதல் வருடம் இது தெரியாமல், என் பிறந்தநாளன்று யாராவது கேக்கோடு வருவார்கள் என்று சாயங்காலம் வரை காத்திருந்து வீடு திரும்பியிருக்கிறேன். இந்த முறை நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

என் வேலை வரைபடங்களுக்கு நிறம் கொடுப்பது. எந்த ஊரில், எந்தத் தெருவில் வெள்ளம் வர எவ்வளவு வாய்ப்பு என்று கணித்து பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறமிடுவோம். அங்கே இருக்கும் பட்டறைக்கோ கிடங்குக்கோ காப்பீடு தரலாமா என்பதை அந்த நிறத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

கேக் வெட்டும்போது புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டார்: "இத்தனை வருடத்தில் நீங்கள் தயாரித்த வரைபடங்களில் உங்களுக்கு ரொம்பப் பெருமையானது எது?"

"நான் கை வைக்காத ஒன்று," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். என் ஜெர்மன் வழக்கம்போல் சறுக்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அன்று சறுக்கவில்லை. நின்றுகொண்டே கேக் சாப்பிடும் இடத்தில் அந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்கிறேன்.

2

நான் வளர்ந்தது தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூரில். அந்த வீட்டில் இப்போது என் அண்ணனும் அண்ணி கலைவாணியும் இருக்கிறார்கள். அண்ணன் பல்லாவரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். அண்ணி வீட்டின் முன்பக்க அறையில் பதினோரு பெண்களை வைத்துக்கொண்டு தோல் கையுறை தைக்கிறார். கட்டட வேலைக்காரர்களும் வெல்டிங் வேலைக்காரர்களும் போடுவார்களே, அந்தத் தடித்த கையுறை. வெட்டிய தோல் பம்மலில் ஒரு ஏற்றுமதிக்காரரிடமிருந்து வரும். தைத்து முடித்ததும் அங்கேயே திரும்பிப் போகும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு பிப்ரவரிக் காலையில், பனி கொட்டிக்கொண்டிருந்த பிளாட்பாரத்தில் ரயிலுக்காக நின்றிருந்தபோது அண்ணியிடமிருந்து அழைப்பு வந்தது.

"சுதா, நீ இன்சூரன்ஸ்லதானே இருக்கே? ஒரு டவுட்டு."

"சொல்லுங்க அண்ணி."

"பம்மல்காரர் இனிமே தோல் குடுக்க மாட்டாராம். வெள்ளத்துக்கு இன்சூரன்ஸ் இல்லாத இடத்துல சரக்கு வைக்கக் கூடாதுன்னு அவருக்கு வெளிநாட்லேர்ந்து ரூல் வந்திருக்காம். நான் இன்சூரன்ஸ் கேட்டுப் போனா, முடிச்சூர்னு சொன்ன உடனே கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு இல்லைன்னுட்டாங்க. தெரு பேரு கூட கேக்கல."

"அவர் வேற வழி எதுவும் சொல்லலையா?"

"நாவலூர் பக்கம் இடம் பார்த்து மாத்துங்க, தர்றேன்றாரு. அங்க எல்லாருக்கும் கெடைக்குதாம். எப்படிப் போறது? ரெண்டு பஸ் மாறணும். என்கிட்ட இருக்கற பதினோரு பேருல எட்டு பேரு, புள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரத்துக்கு வீட்ல இருக்கணும்."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரிக்க எதுவும் இருக்கவில்லை. சென்னையின் தென்புறப் பகுதிக்கான வரைபடம் முந்தைய ஆண்டு எங்கள் பிரிவிலிருந்துதான் அங்குள்ள காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போனது. முடிச்சூருக்கு நிறம் கொடுத்தவள் நான்.

எப்படிக் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாவலூரில் பழைய மாமல்லபுரம் சாலையோரம் இருக்கும் பெரிய அலுவலக வளாகங்கள் ஒவ்வொன்றும் தடிமனான அறிக்கை அனுப்பியிருந்தன. தரைத்தளம் எவ்வளவு உயரம், வடிகால் எவ்வளவு அகலம், எத்தனை பம்பு, எல்லாம் பொறியாளர் கையெழுத்தோடு. அந்தப் பக்கமும் ஒரு காலத்தில் தண்ணீர் தேங்கிய தாழ்நிலம்தான். ஆனாலும் காகிதம் இருந்தது, மஞ்சள் கிடைத்தது. முடிச்சூரிலிருந்து ஒரு தாள்கூட வரவில்லை. யார் அனுப்புவார்கள்? செயற்கைக்கோள் தந்த தோராயமான உயரமும், 2015-இல் ஊர் மூழ்கியது என்ற செய்தியும் மட்டும் இருந்தன. அளவு தெரியாத இடத்தில் மோசமானதையே எடுத்துக்கொள் என்பது எங்கள் விதி. மொத்த ஊரையும் திரையில் ஒரே வளையத்தில் பிடித்து சிவப்பு என்று சொடுக்கினேன். நாலு விநாடி வேலை.

2015-இல் அண்ணனும் அண்ணியும் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்த நாட்களில் இங்கே தூங்காமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தவளும் நான்தான். அந்த ஞாபகம்கூட அந்த நாலு விநாடியில் என் விரலை நிறுத்தவில்லை.

3

ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப்போட்டேன். இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலிப் பாட்டிலைத் தொட்டியில் போடுவதுகூடத் தப்பு, சத்தம் கேட்கும். அப்படி ஒரு அமைதியில் பால்கனியில் நின்றுகொண்டு அண்ணியை அழைத்தேன்.

"அண்ணி, அவங்க கம்ப்யூட்டர்ல முடிச்சூர் சிவப்பா இருக்கறதாலதான் இல்லைன்னாங்க. அந்த சிவப்பு நான் போட்டது."



"நீயா? நம்ம வீட்டுக்கா?"

"ஆமா."

"பார்த்துத்தான் போட்டியா?"

"இல்ல அண்ணி. பார்க்காமத்தான் போட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் கேட்டது வேறு.

"சரி, மூக்கை உறிஞ்சாதே. நாவலூருக்கு மட்டும் எப்படிக் கெடைக்குது? அவங்க குடுத்து நாம குடுக்காதது என்ன? அதைச் சொல்லு."

"ஒவ்வொரு கட்டடத்தோட தரையும் கடல் மட்டத்துக்கு மேல எவ்வளவு உயரம்ன்ற கணக்கு."

"அவ்ளோதானா?"

அந்த 'அவ்ளோதானா'வை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. என் துறையில் இதை ஒரு தீராத சிக்கலாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஏழை வட்டாரங்களைப் பற்றிய அளவுகள் இல்லாததால் அவை பேராபத்தில் இருப்பதாகவே பதிவாகின்றன. பதிவானதால் தொழில் போகிறது, தொழில் போனதால் ஊர் மேலும் ஏழையாகிறது. இதைப் பற்றி மாநாடு கூட்டுகிறோம். அண்ணிக்கு அது அளக்காமல் விட்ட ஒரு வேலை, அவ்வளவுதான்.

அண்ணிக்கு அந்த மண்ணும் தெரியும். முடிச்சூரின் பழைய விவசாயக் குடும்பத்துப் பெண் அவர். பள்ளி ஆசிரியரான என் அப்பா மனை வாங்கியதே அண்ணியின் அப்பாவிடமிருந்துதான். கல்யாணப் பேச்செல்லாம் அதற்குப் பல வருடங்கள் கழித்து.

"உங்க அப்பா வாங்கினாரே, அது நெல்லுக்கு அருமையான நெலம், சுதா," என்று சிரித்தார். "ஏன் அருமைன்னா, தண்ணி நிக்கும்."

4

வீட்டு வேலைகளுக்கு வரும் ஏகாம்பரம் மேஸ்திரியை அண்ணி கூப்பிட்டிருந்தார். நான் வீடியோ அழைப்பில் இருந்தேன். ஒரு கருவி வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, மேஸ்திரி போன் திரைக்குள் முகத்தை நுழைத்தார்.

"இன்னாக்கா, ஜெர்மன்ல கீற மிசின் வந்தாத்தான் அளக்கணுமா? நம்ம கையில டியூப் கீதுல்ல! தண்ணி ரொப்பி ரெண்டு பக்கமும் தூக்கிப் புடிச்சா, ஒரே மட்டமாத்தான் நிக்கும். உங்க ஊர் தண்ணி மட்டும் இன்னா, ஏறியா நிக்கும்?"

கொத்தனார்கள் பயன்படுத்தும் நீளமான, கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் டியூப் அது. எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் கேள்வி. உயரம் தெரிந்த ஓரிடம் வேண்டும். அதை அண்ணியிடம் வேலை பார்க்கும் தேவகி கண்டுபிடித்தார். தாம்பரம் ஸ்டேஷனின் மஞ்சள் பெயர்ப்பலகையில், ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதியிருக்கிறது. கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் நான் அந்தப் பலகைக்குக் கீழேதான் நின்றிருக்கிறேன். ஒருநாளும் படித்ததில்லை.

ஸ்டேஷனிலிருந்து முடிச்சூர் ரோடு நெடுக, டியூப் நீளத்துக்கு ஒரு புள்ளியாக, ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்குக் கிளம்பி அளந்துகொண்டே வந்தார்கள். டியூப்பின் ஒரு முனையை மேஸ்திரியும் இன்னொரு முனையைத் தேவகியும் பிடிக்க, நோட்டுப் புத்தகத்தில் அண்ணி எழுதினார். மற்ற பெண்கள் ஷேர் ஆட்டோக்களை ஒதுக்கிவிட்டார்கள். டீக்கடை வாசலில் நிற்பவர்கள் கேட்பார்களாம்:

"இன்னாம்மா, தண்ணி கனெக்‌ஷனா?"

"ஆமா, மழைத்தண்ணி கனெக்‌ஷன்," என்று தேவகி சொல்லிக்கொண்டே போவாராம்.

அந்த வீடியோக்களை ஒருநாள் என் மகள் நிலாவுக்குக் காட்டினேன். அவளுக்குப் பதினான்கு வயது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிற வயது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்க ஊர்க்காரங்க ஏன் வெள்ளம் வர்ற இடத்துல போய் வீடு கட்டினாங்க?" என்றாள்.

'உங்க ஊர்' என்பதுதான் முதலில் உறைத்தது. அதை விட்டுவிட்டுப் பதில் சொன்னேன். உன் தாத்தாவின் சம்பளத்துக்குக் கிடைத்தது அந்த மனைதான், மேட்டில் இருந்த மனை எதுவும் அவர் கைக்கு எட்டவில்லை என்றேன். அவள் தோளைக் குலுக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"அப்போ அவங்க தேர்ந்தெடுக்கல," என்றாள். பிறகு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். எங்கள் வீட்டில் இது நீண்ட உரையாடல்.

5

மே மாதம் நான் தனியாக ஊருக்குப் போனேன். நிலா பள்ளியைக் காரணம் சொன்னாள். நான் வற்புறுத்தவில்லை.

நான் இருந்த இரண்டாவது ஞாயிறு எங்கள் தெருவை அளக்கும் முறை. மற்ற தெருக்கள் முடிந்திருந்தன. ஏரிக்கரைப் பக்கத்துத் தெருக்கள் எல்லோரும் நினைத்ததைவிட உயரத்தில் இருந்தன. அங்கெல்லாம் மஞ்சளே கிடைக்கலாம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எங்கள் தெருவும் அப்படித்தான் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீட்டு வாசற்படியில் மேஸ்திரி டியூப்பைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தார். மூன்று தரம் பார்த்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"யக்கா... உன் தெருதான் எல்லாத்துக்கும் கீய கீது."

"இன்னொரு வாட்டி பாரு."

"மூணு வாட்டி பார்த்துட்டேன்க்கா."

எதிர் வீட்டு பத்மநாபன் சார் கேட்டருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற அரசு ஊழியர். தெருக்கோடியில் அவருக்கு ஒரு காலி மனை இருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக வந்தார்.

"என்னம்மா இது? நம்ம தெருவை முங்கற தெருன்னு நீயே எழுதிக் குடுப்பியா? அப்புறம் எவன் இங்க மனை வாங்குவான்? எங்கயோ ஒருத்தன் சிவப்புன்னு சொன்னா அது அவன் சொன்னது. நம்ம கையால நாமளே எழுதணுமா?"

"சார், அளந்தது அதுதானே."

"அளவுதானே? ரெண்டு அடி கூட்டிப் போடு. யாருக்குத் தெரியப் போகுது?"

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் எனக்கும் அதே ஆசை வந்தது. பதினோரு பெண்களும் அங்கே நின்றிருந்தார்கள். அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் அவர்கள் வேலை. நான் மெல்லச் சொன்னேன்: "அண்ணி, டியூப்ல அளக்கறப்போ கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்னு எங்க ஆபீஸ்லயே ஒத்துப்பாங்க. கொஞ்சம் ஏத்தி எழுதினா தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை.

"தண்ணிக்குத் தெரியுமே, சுதா," என்றார். "இருபது தெரு நெஜமா எழுதியிருக்கோம். என் தெருவுக்கு மட்டும் பொய் எழுதினா, அந்த இருபதும் பொய்யாயிடும். அந்தத் தெருவுலயும் தையல் மிஷின் இருக்கு, மாவு மில்லு இருக்கு. அவங்க பொழைப்பு?"

எழுதினார். மேஸ்திரி சொன்ன எண், அப்படியே. பத்மநாபன் சார் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். அன்றிலிருந்து அவர் அண்ணியோடு பேசவில்லை.

எண்களை வைத்துப் பிழைப்பவள் நான். ஒரு எண்ணை அவ்வளவு மரியாதையோடு ஒருவர் எழுதி நான் பார்த்தது அன்றுதான்.

6

மியூனிக் திரும்பியதும் காகித வேலை ஆரம்பித்தது. என் சொந்த வீடு இருக்கும் பகுதியின் வரைபடத்தை நான் தொடக்கூடாது என்பது விதி. முடிச்சூரில் எங்கள் வீடு இருப்பதை முதலிலேயே சொல்லாமல் விட்டது என் தவறு என்று ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். உறவுமுறை விளக்க இன்னொரு படிவம். தனிநபர் தந்த அளவுகளை ஏற்க இன்னொன்று. அந்த மூன்றாவது படிவம் இதுவரை யாருக்கும் தேவைப்படாததால் அதை உருவாக்கவே மூன்று வாரம் ஆனது.

பிறகு கூட்டத்தில் நான் விளக்க வேண்டியிருந்தது. ஜெர்மனில் அண்ணிக்கு 'ஷ்வேகரின்' என்று ஒரு சொல். மாமியாருக்கு 'ஷ்வீகர்முட்டர்'. பதற்றத்தில் நான் இரண்டாவதைச் சொல்லிவிட்டேன். இருபத்தொரு தெருக்களையும் என் மாமியார் நடந்தே அளந்தார், சாலையில் ஆட்டோக்களை ஒதுக்கிவிட்டு அளந்தார், என்று பத்து நிமிடம் பேசினேன். எல்லோரும் வாயைத் திறந்து கேட்டார்கள். முடிவில் என் சக ஊழியர் பிர்கிட் மெதுவாகக் கேட்டார்: "உங்கள் மாமியாருக்கு என்ன வயது?"

எழுபத்தெட்டு என்றேன். அப்புறம்தான் உறைத்தது. திருத்தியபோது சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆனால் அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை. முடிச்சூர் பகுதியைப் பிர்கிட் எடுத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை, உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவர் சரிபார்க்க வேண்டும்.

தாம்பரத்திலிருந்து ஒரு சர்வேயர் தன் கருவியோடு வந்து, தனக்குத் தோன்றிய இடங்களிலெல்லாம் நின்று பார்த்தார். ஸ்டேஷன் பலகையில் இருப்பது தண்டவாளத்தின் உயரம் என்று சொல்லி எல்லா எண்களையும் ஒரே அளவில் திருத்தினார். மற்றபடி வித்தியாசம் ஒரு விரற்கடைக்கு மேல் எங்கும் இல்லையாம். கையெழுத்துப் போட்டுவிட்டு மேஸ்திரியிடம், "என்கிட்ட வேலைக்கு வர்றியா?" என்று கேட்டாராம்.

"இன்னா சார், நான் ஞாயித்துக்கெயமதான் ஃப்ரீ," என்றாராம் மேஸ்திரி.

7

புதிய வரைபடம் வந்தபோது முடிச்சூர் ஒரே நிறமாக இல்லை. ஏரிக்கரைத் தெருக்கள் மஞ்சளாகியிருந்தன. நடுவில் ஆரஞ்சு. எங்கள் தெருவும் பக்கத்துத் தெருக்களும் சிவப்பாகவே இருந்தன. இப்போது அது அளந்து போட்ட சிவப்பு.

ஏரிக்கரைத் தெருவில் ஒரு வீட்டின் முன்பகுதியை அண்ணி வாடகைக்குப் பிடித்தார். காப்பீடு கிடைத்தது, பம்மல்காரர் தோல் அனுப்பினார். பதினோரு பேரும் பத்து நிமிடம் நடந்து வேலைக்குப் போகிறார்கள். எங்கள் வீட்டின் முன்னறை காலியாக இருக்கிறது. சிவப்புத் தெருவில் விழுந்த மனை விலை இன்னும் ஏறவில்லை, அதை மறைக்க மாட்டேன்.

சென்ற நவம்பரில் மழை வந்தது. ஏரி நிரம்பினால் எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் வரும், எதற்குப் பிறகு என்று வரிசையாக எழுதி, ரேஷன் கடைச் சுவரில் அண்ணி ஏற்கெனவே ஒட்டியிருந்தார். அந்த வரிசைப்படியே முந்தின நாளே வயதானவர்களையும் வண்டிகளையும் மேட்டுத் தெருக்களுக்குக் கொண்டுபோனார்கள். பத்மநாபன் சாரும் தன் காரை எடுத்துப் போனார், அண்ணியைப் பார்க்காமலே. பிறகு தன் காலி மனையில் கட்டத் தொடங்கியவர், அடித்தளத்தை எவ்வளவு தூக்குவது என்று மேஸ்திரியிடம் கேட்டு, அண்ணியின் நோட்டில் இருந்த கணக்கைத்தான் எடுத்துக்கொண்டாராம். இன்னும் பேசவில்லை.

எங்கள் கூடத்தில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நின்ற அன்று அழைத்தேன். அண்ணி ஏரிக்கரைப் பட்டறையில் இருந்தார். பின்னால் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"வீடு கெடக்கு, கழுவிக்கலாம். நான் வேற ஒண்ணு கேக்கணும்," என்றார். "நாவலூர் மஞ்சள்னு சொன்னியே. அங்க அந்தப் பெரிய பில்டிங்குங்க பின்னாடி தெருவுல எங்க சித்தி பொண்ணு இருக்கா. ஆபீஸ்ல தரை தொடைக்கிற வேலை. அவ வீட்ல இன்னிக்கு இடுப்பளவு தண்ணியாம். அவ வீடும் மஞ்சளா?"

திறந்து பார்த்தேன். மஞ்சள்தான். வளாகங்கள் தங்கள் அறிக்கையில் தங்கள் தரையை மட்டும் அளந்திருந்தன. தரையை உயர்த்தினால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. பின்தெரு வீடுகளுக்கும் முன்னால் இருந்த வளாகங்களின் நிறத்தையே கொடுத்திருந்தேன்.

"மஞ்சள்தான் அண்ணி. தப்பான மஞ்சள்."

"அப்போ மழை விடட்டும். மேஸ்திரிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். தேவகியும் வர்றா. ஞாயித்துக்கிழமை ரெண்டு பஸ் மாறிப் போனா என்ன இப்போ?"

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போனதும் நாவலூர் வரைபடத்தைத் திறந்தேன். அந்தப் பின்தெருக்களிலிருந்து மஞ்சளை எடுத்தேன். எங்கள் நான்கு நிறங்களில் எதுவும் அங்கே பொருந்தவில்லை. வெறுமையாக விட்டு, பக்கத்தில் எழுதினேன்: 'அளக்கப்படுகிறது.'